முப்பது வயதுத் தடையும் விசிட் விசாவும்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஸ்வீடன் 2014இல், பெண்களின் உரிமையை மையமாக வைக்கும் பெண்ணிய வெளியுறவுக் கொள்கையை அறிவித்தது. 2022இல் ஆட்சி மாறியதும் அந்தப் பெயரைக் கைவிட்டது. ஸ்வீடனின் அறிவிப்புக்குப் பின் மெக்சிகோவும் ஜெர்மனியும் அந்த வழியில் வந்தன. இந்தியாவும் அப்படி ஒரு பெயர் சூட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வளைகுடா நாடுகளுக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் வீட்டுவேலைப் பெண்ணுக்கு நம் அரசு எவ்வளவு தூரம் துணை வருகிறது என்பதே எங்கள் கேள்வி.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் கையில் பெரும்பாலும் இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்) பாஸ்போர்ட்தான் இருக்கும். அதை வைத்து வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது அரசின் முன் அனுமதி வேண்டும். பெண்ணாக இருந்தால் 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை.

பாதுகாப்புக்காகப் போட்ட தடைதான். ஆனால் கடன் 30 வயது வரை காத்திருப்பதில்லை. 27 வயதுப் பெண்ணிடம் ஏஜென்ட் சொல்வது ஒன்றுதான்: "விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்." சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு கிளியரன்ஸ் தேவையில்லை. அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போவோரைப் பதியும் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் ஏறாது, தூதரகம் பார்த்த ஒப்பந்தமும் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் அவருக்கு இல்லை. அவர் அந்த ஊரில் இருப்பதே தூதரகத்துக்குத் தெரியாது. அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறினால், கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) 'ஓடிப்போனவள்' என்று புகார் கொடுத்துவிடுகிறார். அதன்பின் சம்பள பாக்கியைக் கேட்க வேண்டியவரே சட்டத்தை மீறியவராக நிற்கிறார். தடை போட்டவர்கள் அஞ்சிய அதே ஆபத்து, எந்தப் பதிவும் இல்லாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. இதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் புறப்படும் முன் கையில் கொடுக்க என்ன தடை?

பிலிப்பைன்ஸ் தன் வீட்டுவேலைப் பெண்களுக்கு மாதம் 400 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் என்று வரம்பு வைத்தது. வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை 2012இலேயே ஏற்று உறுதி செய்தது. 2011இல் அதை ஆதரித்து வாக்களித்த இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை.

வயதுத் தடையை நீக்குங்கள். ஆனால் அதற்கு முன்பே வளைகுடாத் தூதரகங்களில் தமிழ் பேசும் பெண் அதிகாரிகளை அமர்த்துங்கள். இரவிலும் கதவு திறக்கும் தங்குமிடங்கள் வேண்டும். விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றும்போது நம் தூதரகத்தின் ஒப்புதல் கட்டாயம் என்பதை இருதரப்பு ஒப்பந்தங்களில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். தடையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போட்டால் ஏஜென்டின் வேலைதான் சுலபமாகும்.

இப்படிக்கு,
வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைக்காக உழைப்போர்,
சென்னை