மாஸ்க் வீண் என்று எழுதிய வாசகருக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், கொரோனா காலத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டு திரிந்த மாஸ்க் வெறும் கண்துடைப்பு, அதனால் யாருக்கும் ஒரு சதத்துக்கு நன்மை இல்லை, இப்போது வெளிநாட்டு ஆய்வே அதைச் சொல்லிவிட்டது என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஞாபகம் வந்து, தையல் கோணிப்போய்விட்டது. எழுதிவிடுவதே நல்லது.

நான் டொக்டர் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருபத்தாறு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டதும் கடை மூடியாயிற்று, கலியாண ஓர்டர் எல்லாம் போயிற்று, வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு நானும் மனைவியும் தைத்தது மாஸ்க் மட்டும்தான். எண்ணி வைக்கவில்லை, ஆனால் இரண்டாயிரத்துக்குக் குறையாது. ஆகவே அந்த வாசகர் சொல்வது உண்மையென்றால் நான் ஊரை ஏமாற்றிச் சோறு தின்றவன். அதனால்தான் எனக்கு இவ்வளவு சூடு.

சரி, முதலில் என் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் தைத்தது நல்ல மாஸ்க் இல்லை. புடவைக்கு வைக்கும் மெல்லிய லைனிங் துணி கைவசம் நிறைய இருந்தது, வெளியே ஒரு பூப்போட்ட கொட்டன், உள்ளே அந்த லைனிங், இரண்டு காதுக்கும் இலாஸ்டிக். இலாஸ்டிக்கும் ஒரு கிழமையில் தீர்ந்துவிட்டது, புறக்கோட்டையில் கடை ஒன்றும் திறக்கவில்லை, பிறகு எதிலிருந்து வெட்டி எடுத்து வைத்தோம் என்று வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. மூக்குக்கு மேலே வைக்கும் கம்பியும் கிடையாது. என் மகள் ஒரு நாள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, அப்பா இதைப் போட்டுக்கொண்டு ஊதுங்கள் என்றாள். ஊதினேன், அணைந்துவிட்டது. இன்னொரு அடுக்கு வைத்துத் தைத்ததைப் போட்டு ஊதினேன், சுடர் சாய்ந்து நிமிர்ந்தது, அணையவில்லை. அந்த இரண்டு ஊதலில் எனக்கு விளங்கியது, மாஸ்க் நல்லதா கெட்டதா என்று கேட்பது துணி நல்லதா கெட்டதா என்று கேட்கிற மாதிரி. எந்தத் துணி, எத்தனை அடுக்கு, யார் போடுகிறார், எங்கே போடுகிறார் என்று கேட்டால்தான் பதில் வரும்.

உலக சுகாதார நிறுவனமும் அப்போது ஒழுங்காகச் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2020 ஆரம்பத்தில், நோயாளிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கும் போதும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்ற மாதிரிதான் பேச்சு. அமெரிக்காவில் பெப்ரவரியில் அரசாங்கத்தின் தலைமை மருத்துவரே மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள் என்று சொன்னார், ஏப்ரலில் துணியாவது கட்டுங்கள் என்று மாற்றினார்கள். பிறகு ஜூன் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம், நோய் பரவும் இடங்களில் எல்லோரும் போடுங்கள், துணி மாஸ்க் என்றால் மூன்று அடுக்கு வேண்டும் என்றது. உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பொலிப்புரொப்பிலீன், வெளியே தண்ணீர் ஒட்டாத துணி. நெய்யாத துணிக்கு நான் எங்கே போவது என்று யோசித்தால், புடவைக் கடையில் தரும் அந்தச் சொரசொரப்பான பை இருக்கிறதே, அதுவேதான். அலுமாரிக்கு மேல் வருஷக்கணக்கில் மடித்து வைத்திருந்த பைகளையெல்லாம் வெட்டினோம். ஒரு பையில் பன்னிரண்டு மாஸ்க் வரும், கடைப் பெயர் அச்சடித்த பக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

இப்போது அந்த வாசகரின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். வைரஸ் மிகச் சின்னது, துணியின் ஓட்டை பெரியது, கொசுவலையால் புகையைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொரோனா வைரஸ் ஏறக்குறைய 0.1 மைக்ரோன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அது தனியாகக் கைவீசிக்கொண்டு வருவதில்லை, எச்சில் துளியிலும் மூச்சோடு வரும் நுண்ணிய ஈரத்திலும் ஏறிக்கொண்டு வருகிறது. அதைவிட முக்கியம், வடிகட்டும் துணி தேயிலை வடி மாதிரி வேலை செய்வதில்லை. வீட்டு மூலையில் ஒட்டடையைப் பாருங்கள், அதன் ஓட்டைக்குள் விரலே போகும், ஆனால் அதில் எவ்வளவு தூசு பிடித்திருக்கிறது. சின்னத் துணிக்கை நேராகப் போகாது, காற்று மூலக்கூறுகளில் மோதி மோதித் தடுமாறிக்கொண்டு போகும், போகிற வழியில் ஒரு நாரில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நீல நிற அறுவைச் சிகிச்சை மாஸ்க்கின் நடு அடுக்கிலும், முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் என்95 மாஸ்க்கிலும் இருக்கும் நாருக்கு மின்னேற்றமும் இருக்கிறது, தலை வாரிய சீப்பு கடதாசித் துண்டை இழுக்கிற மாதிரி அது இழுத்துப் பிடிக்கும். என்95 என்ற பெயரில் உள்ள 95, பிடிப்பதற்குக் கஷ்டமான 0.3 மைக்ரோன் அளவுத் துணிக்கையில் நூற்றுக்கு 95ஐயாவது பிடிக்க வேண்டும் என்பதற்காக. அதைவிட மிகச் சின்னதைப் பிடிப்பது உண்மையில் சுலபம். நம்புவது கஷ்டம்தான், எனக்கும் மருமகன் இரண்டு தரம் விளங்கப்படுத்த வேண்டி வந்தது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த மின்னேற்றம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான வரிசை வீடுகளில், கொடி முழுக்க நீல மாஸ்க் கழுவிக் காயப்போட்டிருந்தது என் கண்ணில் இன்னும் நிற்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, நாட்கூலி நின்றுபோன வீட்டில் ஐந்து பேருக்குத் தினமும் புது மாஸ்க் யார் வாங்குவது. ஆனால் கழுவிய பிறகு அது மாஸ்க் மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆய்வு என்று அவர் சொன்னது 2023 ஜனவரியில் வந்த, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பு ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். ஊருக்கு மாஸ்க் கொடுத்த இடத்துக்கும் கொடுக்காத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்ற கருத்தில் அதில் எழுதியிருந்தது உண்மை. ஆனால் இரண்டு மாதத்தில் அதே கொக்ரேனின் தலைமை ஆசிரியர், இதை வைத்து மாஸ்க் வேலை செய்யாது என்று சொல்வது தவறு, ஆய்வில் முடிவு தெளிவாக வரவில்லை என்பதே சரி என்று அறிக்கை விட்டார். முதல் செய்தி எல்லாருடைய போனுக்கும் வந்தது, இரண்டாவது வரவில்லை. அந்த ஆய்வுகளில் பலவற்றில் மாஸ்க் கொடுக்கப்பட்டவர்களிலேயே நிறையப் பேர் ஒழுங்காகப் போடவில்லை. குடை கொடுத்தோம், விரித்தார்களா என்று பார்க்கவில்லை, எல்லாரும் நனைந்துவிட்டார்கள், ஆகவே குடை வீண் என்றால் என்ன செய்வது.

டென்மார்க்கில் ஆறாயிரம் பேரை வைத்து 2020இல் ஓர் ஆய்வு செய்தார்கள், மாஸ்க் போடச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 1.8 பேருக்கும் சொல்லப்படாதவர்களில் 2.1 பேருக்கும் தொற்றியது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சுற்றியிருப்பவர்கள் போடாத ஊரில் ஒருவர் மட்டும் போட்டால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் அது பார்த்தது, அவரால் மற்றவர்களுக்குப் பரவாமல் இருந்ததா என்பதைப் பார்க்கவேயில்லை. நமக்குக் கிட்டத்தில் பங்களாதேஷில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் 2020 முடிவிலிருந்து செய்த ஆய்வுதான் எனக்கு அதிகம் பிடித்தது. அங்கே மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆளை நிறுத்தி ஞாபகப்படுத்தினார்கள். அப்படியும் போட்டவர்கள் நூற்றுக்கு 13இலிருந்து 42 வரைதான் ஏறினார்கள். அந்த அளவுக்கே, அறுவைச் சிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு தொற்றியவர்கள் நூற்றுக்கு 11 அளவு குறைந்தார்கள், அறுபது வயது தாண்டியவர்களிடம் 35 அளவு குறைந்தது. துணி மாஸ்க்குக்கு அவ்வளவு தெளிவான பலன் வரவில்லை. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இருந்தும் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

துணிக்கவசம் புதிய விஷயமும் இல்லை. ஊ லியன் தே என்று ஒரு டொக்டர், மலேசியாவின் பினாங்கில் பிறந்தவர். 1910 முடிவில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசாங்கம் அவரை அனுப்பியது. இது எலித்தெள்ளால் அல்ல, மூச்சால் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சு வைத்த துணிக்கவசத்தை எல்லோரும் கட்டச் சொன்னார். அனுபவமுள்ள பிரெஞ்சு டொக்டர் ஒருவர் அதை ஏற்காமல் கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். அந்த ஒரு சாவு எதையும் நிரூபிக்காது, தெரியும். ஆனால் பஞ்சையும் துணியையும் மடித்துத் தைத்த அந்தக் கவசத்தின் படத்தைப் பார்த்தபோது, தைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நம் ஊரில் என்ன நடந்தது? 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையிலிருந்து தொற்று கூட்டமாகப் பரவியது, கொத்தணி என்றார்கள், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் மூடியாயிற்று. அதே மாதம் அரசாங்க வர்த்தமானி வந்தது, மாஸ்க் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை தண்டம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை மறியல். அன்றிலிருந்து நாங்கள் மாஸ்க் போட்டது வைரஸுக்கு இல்லை, பொலிசுக்கு. பொலிஸ்காரரைக் கண்டால் மூக்குக்கு, தாண்டினால் தாடைக்கு. பிறகு பஸ் ஓடத் தொடங்கியபோது பாருங்கள், நூறாம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் மிதிபலகையில் நின்று "கொட்டுவ, கொட்டுவ" என்று கோட்டைக்கு ஆள் கூப்பிட்டுக் கத்துவதற்காக மாஸ்க்கை இறக்குவார், காசு வாங்கிப் பேசாமல் நிற்கும்போது ஏற்றிக்கொள்வார். தலைகீழ். வாயைத் திறந்து சத்தம் போடும்போதுதான் அதிகம் தெறிக்கிறது. கடற்கரைக் காற்றில் காலிமுகத்திடலில் தனியாக நடப்பவர் இறுக்கிக் கட்டியிருப்பார், கண்ணாடியெல்லாம் மூடிய ஏசி ஒபிசுக்குள் போனதும் கழற்றி மேசையில் வைப்பார். புறக்கோட்டை நடைபாதையில் முன்னால் ஒரு வால்வு வைத்த கறுப்பு மாஸ்க் ஒன்று பொடியன்களுக்குப் பெரிய ஸ்டைலாக இருந்தது, உள்ளே இழுக்கும் காற்றைத்தான் அது வடிக்கும், விடும் மூச்சு அந்த வால்வால் அப்படியே வெளியே போகும். அப்புறம் மாஸ்க் வேலை செய்யவில்லை என்று சொன்னால்?

ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கும் தோட்டத்து வீட்டில் மாஸ்க் காப்பாற்றாது, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். இராத்திரி யார் போட்டுக்கொண்டு தூங்குவது. எங்கள் ஒழுங்கையில் தொற்றியவர்கள் பலருக்கு வீட்டுக்குள்ளேதான் வந்தது. அதற்கு மாஸ்க்கைத் திட்டி என்ன பயன், வீட்டைப் பற்றி எழுத வேண்டும், அது வேறு கடிதம்.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், கொரோனா ஓய்ந்தாலும் இருமல் ஓயவில்லை. போன மாதம் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். பத்துக்குப் பதினைந்து அடி அறை, ஏசிக்காக ஜன்னல் பூட்டியிருக்கிறது, பதினெட்டுப் பேர் இருக்கிறோம், ஒன்றரை மணித்தியாலம். சுவரில் மூன்று மொழியிலும் முகக்கவசம் அணியவும் என்று வெளிறிப்போன ஸ்டிக்கர். பக்கத்தில் ஒரு பெரியவர் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருமுகிறார், பாவம், அவரிடம் மாஸ்க் இல்லை, யாரும் கொடுக்கவுமில்லை. நம்பர் கூப்பிடும் பிள்ளையின் மாஸ்க் மூக்குக்குக் கீழே. மனைவிக்கு முழங்கால் வலி பார்க்கப் போனோம், நான்காம் நாள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்தோம். அங்கேதான் தொற்றியது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் போகவில்லை.

எல்லோரும் எப்போதும் போட வேண்டும், தண்டம் போட வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெட்டி மாஸ்க் வைத்து, இருமுகிறவருக்கு முகம் சுளிக்காமல் ஒன்றைக் கொடுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நீரிழிவு, இதய நோய் உள்ள வயதானவர்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போகும்போது, கிடைத்தால் என்95 அல்லது அதே மாதிரியான கேஎன்95 போடுங்கள், முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இது சுலபம், கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் பக்கத்தால் காற்று போகிறது, கம்பியை அமுக்க வேண்டும். காய்ச்சலோடு பஸ் ஏறும் பிள்ளைக்குச் சாதாரண நீல மாஸ்க்காவது போட்டு அனுப்புங்கள், அது அடுத்த சீட்காரருக்காக.

நான் தைத்ததில் விற்காமல் மிஞ்சிய முப்பத்தெட்டு மாஸ்க் லாச்சியில் இருந்தது, எல்லாம் அந்த முதல் மாதத்துப் பூப்போட்ட லைனிங் வைத்தவை. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. மனைவி இப்போது மெஷினுக்கு எண்ணெய் விட்டபின் துடைக்க எடுக்கிறாள். எண்ணெய் நன்றாக உறிஞ்சுகிறது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.