மிச்சம் இருந்த 3 நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசை ரசனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒரே ஆளுக்குக் கர்நாடக சங்கீதமும் நாகூர் ஹனிபாவும் மேல்நாட்டு டிஸ்கோக் குழுவான போனி எம்மும் சேர்ந்து பிடித்துப்போவதற்குத் 'திறந்த மனசு' காரணம் என்கிறது. மனசுக்கு அவ்வளவு பெருமை வேண்டாம் என்பது என் கட்சி. 1980களில் தமிழ்நாட்டு ஊர்களில் பாட்டுக் கேட்டவர்களின் கதம்ப ரசனையில் பாதியை முடிவு செய்தவை கேசட் நாடாவின் நீளமும் வானொலி அலையின் போக்கும்தான்.

கணக்கைப் பாருங்கள். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம், ஏறக்குறைய 86 மீட்டர். கேட்ட பாட்டைக் காசுக்குப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுச் சீட்டை நீட்டினால், நாலரை நிமிடப் பாட்டு 6 ஏறியதும் 27 நிமிடம் தீர்ந்துவிடும். மிச்சம் 3 நிமிடம். சீட்டில் உள்ள அடுத்த பாட்டைத் திணித்தால் சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். சும்மா விட்டால், காசு கொடுத்தவர் நாடா வீணாய்ப் போச்சே என்பார். அதனால் கடைக்காரர் கைக்கு அகப்பட்ட சின்னப் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்புவார். அது முருகன் பாட்டாக இருக்கலாம், இந்திப் பாட்டாக இருக்கலாம், வெறும் வாத்தியமாகவும் இருக்கலாம். வேகமாக ஓட்டித் தாண்டலாம்தான். பேட்டரி தீரும் என்று யாரும் ஓட்டுவதில்லை. பத்துத் தடவை கேட்ட பிறகு, கேட்டு வாங்கிய ஆறை விட, கேட்காமல் வந்த அது பிடித்துவிடும்.

வானொலிக் கதை இன்னும் பழையது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கியது. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் வரும். எனவே கடற்கரை ஊர்களில் பட்டப்பகலிலும் இலங்கை கணீரென்று கேட்கும். உள்மாவட்டங்களில் பொழுது சாய்ந்தால்தான் தேறும். இலங்கையின் துள்ளல் பாட்டான பைலாவும், அந்நாட்டுப் பாடகர்கள் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் வகைப் பொப் பாட்டும் எந்தக் கரையில் முதலில் வேர்விட்டன என்பதற்கு இதற்கு மேல் மனோதத்துவம் தேவையில்லை.

இதற்கெல்லாம் சாட்சி, கையெழுத்து அட்டை செருகிய அந்தக் கேசட்டுகள்தான். பலர் இப்போது அவற்றைக் கணினிக்கு மாற்றுகிறார்கள், நல்லது. ஆனால் பாட்டுப் பாட்டாக வெட்டி, இணையத்தில் 'சுத்தமான' பிரதி இருந்தால் கேசட்டில் இருப்பதை அழித்தும் விடுகிறார்கள். அப்போது முதலில் காணாமல் போவது அந்த 3 நிமிடப் பாட்டின் இடம். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வந்தது, பக்கம் எங்கே அறுந்தது, நடுவில் எந்த அறிவிப்பாளர் குரல் எட்டிப் பார்த்தது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் ரசனைக் குறிப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பெயர்களையும் நேரத்தையும் தனியாக ஓர் எழுத்துக் கோப்பில் குறித்தால் போதும்.

மாற்றுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுங்கள். கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், தவறிப் பதிவுப் பொத்தானை அமுக்கினால் பாட்டு போயிற்று. அடுத்து, நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில், மெல்லிய தகட்டில் ஒட்டிய பஞ்சுத்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா, அதைப் படிக்கும் ஹெட்டில் அழுந்தாது, ஒலி மங்கி ஏறி இறங்கும். 5 ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் பிரித்து, நல்ல கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூட்டைப் பிளக்கக் கத்தியும் பொறுமையும் வேண்டும். சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்ல கேசட்டுகளை முடித்துவிட்டு, பூஞ்சை நாடாவை மெல்லிய துணியால் துடைத்த பிறகே அதை ஓட்டவும். 90 நிமிட நாடா 60ஐ விட மெல்லியது; அதை அடிக்கடி முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள்.

கேசட் ஓட்டும் கருவியான டெக்கில் பெல்ட்டைப் பாருங்கள்; பழைய ரப்பர் தார் மாதிரி இளகியிருக்கும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும். எல்லோரும் கோட்டை விடுவது ஹெட்டின் சாய்வை. ஒவ்வொரு ரெக்கார்டிங் சென்டர் டெக்கிலும் ஹெட் ஒரு நூல் முன்பின் சாய்ந்திருக்கும். அங்கே பதிந்த நாடாவும் அதே சாய்வில் இருக்கும். உங்கள் டெக் ஒத்துப்போகாவிட்டால் ஜால்ராவும் 'ச', 'ஷ' ஒலிகளும் மழுங்கிவிடும். நாடா பழசு, இவ்வளவுதான் வரும் என்று நினைத்துவிடுவோம். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட சிறு ஸ்க்ரூ உண்டு. இடது வலது ஒலியை ஒன்றாகச் சேர்த்து மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே அதைக் கடுகளவு திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஜால்ரா பளிச்சென்று வருகிற இடம்தான் சரி. வேறு கடைக் கேசட் என்றால் மறுபடி பார்க்க வேண்டும்.

வேகத்தைச் சோதிக்க ஒரு குறுக்குவழி. இந்தக் கேசட்டுகளில் பெரும்பாலும் இசைத்தட்டிலிருந்தே பதிந்தார்கள். தட்டில் கீறல் இருந்தால் 'டக்' சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப வரும்: எல்பி என்ற பெரிய தட்டு என்றால் 1.8 விநாடிக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சின்னத் தட்டு என்றால் 1.33 விநாடிக்கு ஒரு முறை. கணினித் திரையில் பத்து 'டக்'கை அளந்து சராசரி எடுங்கள். எல்பிக்கு 1.7 வந்தால் டெக் ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது; 5 கட்டைச் சுருதியில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். இணையத்தில் உலவும் கேசட் பிரதிகள் சிலவற்றில் பாடகர் சின்னப் பையன் மாதிரி ஒலிப்பதற்கு இதுதான் காரணம். கடைக்காரர் எல்பி போட்டாரா, சின்னத் தட்டு போட்டாரா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்குக் கம்பி போகட்டும். மைக் துளையில் செருகினால் ஒலி பிளக்கும், பல கணினிகளில் மோனோவாகவும் ஆகும். பதிவு மென்பொருளில் வைக்க வேண்டியவை: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல். 30 நிமிடப் பக்கம் 518 எம்பி வரும், 45 நிமிடம் 778. இரைச்சல் நீக்குவதை நகலில் செய்யுங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

ரசனையைப் பகிர்ந்துகொள்ள வாசகர் பக்கம் ஒன்று தொடங்கலாம் என்று கட்டுரையின் கடைசியில் யோசனை இருந்தது. தொடங்குங்கள், ஆனால் 'பிடித்த பத்துப் பாட்டு' மட்டும் வேண்டாம். ஒருவர் 27 நிமிடத்துக்குப் பட்டியல் அனுப்பட்டும். மிச்சம் 3 நிமிடத்தை அவரை அறியாத இன்னொரு வாசகர் நிரப்பட்டும். கைபேசிச் செயலிகள் கேட்டதைப் போன்றதையே திரும்பத் திரும்பத் தருகின்றன. அவை இந்த வேலைக்கு உதவா.

மாற்றி முடித்த கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, பெட்டியில் நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரின் காந்தத்துக்கு அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்