அன்னதான மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள நம் கோயிலின் அன்னதான மண்டபத்தில், சீலிங் ஓரத்து ஜிப்சம் பிளாஸ்டர் கார்னிஸ் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஒட்டும் அலங்காரப் பட்டை) வேலை முடிந்துவிட்டது. ஏன் இவ்வளவு நாளானது என்று பலரும் கேட்டீர்கள். முக்கியக் காரணம் மண்டபத்தின் மூலைகள்தான்.

கூரை ஒழுக்கை அடைத்தபின் முதலில் சுவரைக் காயவிட்டோம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதியில் நாம் இருக்கிறோம். அதனால் பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடங்களைச் சுண்ணாம்பு கொண்டே சரிசெய்தோம். சிமெண்டு பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஈரச் சுவரில் ஜிப்சம் பிடித்து நிற்காது. போலிஸ்டைரீன் நுரையில் செய்த கார்னிஸ் மலிவு என்று ஒரு யோசனையும் வந்தது. விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்தில், தீப்பிடிக்கும் பொருளைத் தலைக்கு மேல் ஒட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஜிப்சம் எரியாது.

சரி, மூலைக்கு வருவோம். மூலை நேராக 90 பாகையில் இருந்தால் இரண்டு துண்டையும் 45-இல் அறுத்துச் சேர்த்துவிடலாம். பழைய செங்கல் சுவர்களில் அப்படி அமைவது அபூர்வம். வாசல் பக்க மூலை 94 பாகை விரிந்திருந்தது; அங்கே சரிபாதியாக 47-இல் அறுக்க வேண்டும். 45-இலேயே அறுத்துவிட்டு, விழும் இடைவெளியைப் பூசி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்தால் தெரியாது என்பார்கள். தெரியும். கார்னிஸின் வரிகள் மூலையில் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். தடிமனாக அடைத்த இடம் பின்னால் விரிசலும் விடும். அதனால் ஒவ்வொரு மூலைக்கும் அட்டையில் அச்சு எடுத்து, கழிவுத் துண்டில் அறுத்துப் பார்த்த பிறகே நீளத் துண்டில் ரம்பம் வைக்கச் சொன்னோம். கோணம் தப்பாமல் அறுக்க உதவும் பெட்டியில் கார்னிஸைத் தலைகீழாக, சீலிங்கில் படும் ஓரம் அடியில் இருக்கும்படி வைக்க வேண்டும். தூணைச் சுற்றி வரும் வெளிமூலைகளில் வெட்டு எதிர்ப்பக்கம் சாயும். இடம் வலம் மாறினால் ஒரு முழுத் துண்டே போச்சு. பெரியவர் ஒருவர் இந்த வேலையை அவசரப்படாமல் செய்து கொடுத்தார். அவருக்குக் குழுவின் மனமார்ந்த நன்றி.

ஒட்டுவதற்கு முன் பழைய பெயிண்டைச் சுரண்டி, சுவரில் கீறல் போட்டார்கள். ஒட்டுக் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே குழைத்தார்கள். கலவை பிடிக்கும்வரை கீழே சிறு ஆணிகள் தாங்கின; அப்புறம் அவற்றைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்தாயிற்று. நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் பூச்சாகத் தண்ணீர் கலந்து நீர்த்த எமல்ஷன் அடித்தோம்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் கோயில் அலுவலகத்தில் உள்ளன, உறுப்பினர்கள் பார்வையிடலாம்.

தோரணமோ சீரியல் விளக்கோ கட்டக் கார்னிஸில் ஆணி அடிக்காதீர்கள். அதற்காகக் கீழே சுவரில் கொக்கிகள் மாட்டியிருக்கிறோம். சீலிங் ஓரத்தில் பழுப்புக் கறை கண்டால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். கூரையை அன்றே பார்த்துவிடலாம்.