எடுபடாமல் போன குழுவா யாஸூ?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்பதுகளில் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்து வந்த பாப் இசை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தின் யாஸூ குழுவுக்கு அதில் ஒரே ஒரு வரி. அதுவும், டெபெஷ் மோட் என்ற இசைக்குழுவை விட்டு வந்த வின்ஸ் கிளார்க் கொஞ்ச நாள் நடத்திப் பார்த்து, எடுபடாமல் போன குழு என்று!

எடுபடாமலா? அவர்களுடைய முதல் பாட்டு 'ஒன்லி யூ' 1982இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். இரண்டாவது ஆல்பம் 'யூ அண்ட் மீ போத்' 1983 ஜூலையில் முதலிடம். அது வந்தபோது குழுவே கலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது நான் லண்டனில் மாணவன். அறை நண்பனின் ரேடியோவில் 'ஒன்லி யூ' வந்தது. பாடுவது ஆண்தான் என்று அடித்துச் சொன்னேன். பந்தயமும் கட்டினேன். மறுநாள் அவன் இசைத்தட்டை வாங்கி வந்து உறையிலிருந்த பாடகி அலிசன் மொயேயின் பெயரைக் காட்டினான். ஒரு வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டையும் சேர்த்து நான்தான் கழுவினேன்.

மொயே, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பாடுபவர். ப்ளூஸ் குழு அமைக்க ஆள் தேடி 'மெலடி மேக்கர்' இதழில் விளம்பரம் கொடுத்தார், கூப்பிட்டதோ சிந்தசைசர்காரரான வின்ஸ் கிளார்க். இருவருக்கும் ஒரே ஊர், எஸ்ஸெக்ஸில் உள்ள பாசில்டன். அமெரிக்காவில் யாஸூ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ப்ளூஸ் ரெக்கார்ட் கம்பெனி இருந்ததால், அங்கே மட்டும் 'யாஸ்' என்று பெயரைச் சுருக்க வேண்டியதாயிற்று. ப்ளூஸ் பாடகிக்கு ப்ளூஸ் கம்பெனியாலேயே இடைஞ்சல், பாருங்கள்.

மெஷின் இசையில் உயிரில்லை என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். அதே 'ஒன்லி யூ'வை ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழுவினர் வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடி 1983 கிறிஸ்துமஸுக்கு முதலிடம் பிடித்தார்களே! மெஷினை எடுத்த பிறகும் பாட்டு நிற்கிறதே, அது எப்படி?

இன்னொன்று. யாஸூவின் 'ஒன்லி யூ' இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் 'சிச்சுவேஷன்'. அதில் நடுவே மொயே ஒரு சிரிப்புச் சிரிப்பார். தொண்ணூறுகளில் உலகமே ஆடிய 'மக்கரீனா' ரீமிக்ஸில் கேட்கும் பெண் சிரிப்பு அதுதான். என் மகள் கூடத்தில் அதைப் போட்டு ஆடியபோது அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "இது அலிசன் சிரிப்பு!" என்றேன். அவள் நம்பவில்லை. சரி, பழைய தட்டைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், லண்டன்