சிவப்பு ஜெர்சி விஷயமாக

அன்பு மகனுக்கு,

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு அம்மாவும் நானும் வெகுநேரம் சிரித்தோம். மியூனிக்கில் வளரும் ஆறு வயதுப் பிள்ளை, அந்த ஊர்க் கால்பந்துக் கழகமான பயேர்னின் சிவப்பு ஜெர்சியைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? "என் வீட்டுக்குள் அது வராது" என்று நீ வீம்பு பிடித்தபோது, 14 வயதில் இருந்த அதே குரல் கேட்டது.

2007 ஜூலை 28, லைப்சிக்கில் லீக் கிண்ண இறுதியாட்டம். உன் ஷால்கேயும் பயேர்னும். ஜெர்மனியின் முதல்தர லீக்கான புண்டஸ்லீகா தொடங்குமுன் அப்போது ஆறு அணிகள் ஆடிய சிறிய போட்டி அது. வென்றவர்களே மறுவாரம் மறந்துவிடுவார்கள். உன்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மே மாதம் ஷால்கே டோர்ட்முண்டில் 2-0 எனத் தோற்று, 1958க்குப் பிறகு வராத ஜெர்மன் சாம்பியன் பட்டத்தை இரண்டே புள்ளிகளில் ஸ்டுட்கார்ட்டிடம் விட்ட காயம் உனக்கு ஆறவில்லை. "இதையாவது எடுக்கட்டும் அப்பா" என்று நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தாய். ஜூலை வெயிலில் சால்வை!

முந்தைய பருவத்தில் நான்காம் இடத்துக்கு இறங்கிய பயேர்ன், ரிபெரி, டோனி, குளோசே என்று புதிய வீரர்களுக்குப் பணத்தை அள்ளி இறைத்திருந்தது. முதல் பாதியில் குளோசே அடித்தார். ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கோல் விழுந்ததும் தேநீர் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனேனே, அது தேநீருக்காக அல்ல. என் முகத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான். குளோசே போலந்தில் பிறந்து, எட்டு வயதில் இந்த மொழி தெரியாமல் இங்கே வந்தவர். தச்சுவேலை பழகியவர். இருபது வயதைத் தாண்டியும் சிறிய கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தார். 2006 உலகக் கிண்ணத்தில் அவர் ஐந்து கோல்கள் அடித்தபோது, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே வானொலியில் கேட்டேன். 'டாங்கே', அதாவது நன்றி, என்ற ஒரு சொல்லோடு இந்த நாட்டில் வந்திறங்கியவன் நான். அவர் எந்த நிறச் சட்டை போட்டாலும் எனக்கு அவர் பக்கம்தான். அன்று நீ போர்வைக்குள் அழுதாய். நான் குசினியில் சிரித்துக்கொண்டு நின்றேன். மன்னித்துக்கொள்.

நோயரை நினைத்துப் பார். ஷால்கேயின் கோல் காவலர், அந்தக் கழகத்தின் ஊரான கெல்சன்கிர்ச்சனிலேயே பிறந்த பிள்ளை. 2011 இல் அவரே பயேர்னுக்குப் போய்விட்டார். அதன் பிறகும் நீ ஷால்கேயை விடவில்லையே. உன் மகன் சிவப்பு போட்டால் மட்டும் என்ன குறைந்துவிடப் போகிறது?

காசு நான் அனுப்புகிறேன். 116 அளவு வாங்காதே, பிள்ளை வளர்கிறான், 128 அளவு வாங்கு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா