எதிரியின் உயிரைப் பெருக்கினால் மட்டும் போதாது: ஆக்‌ஷன் கேம் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆக்‌ஷன் கேம்களில் சண்டையை வடிவமைப்பவர்கள், எதிரிக்கு எவ்வளவு உயிர், அவன் ஒரு அடி அடித்தால் நமக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுபவர்கள், கடைசியில் மெனுவில் ஈஸி, நார்மல், ஹார்ட் என்று மூன்று வரி எழுதி வைப்பவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்கப்போவது ஒரே விஷயம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மோடில் ஆடினாலும் சரி, நாங்கள் செத்தால் ஏன் செத்தோம் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். கஷ்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள், எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை, கஷ்டம் வேண்டும் என்றுதானே இந்த வகைக் கேம்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறோம். நியாயம் மட்டும் குறையக் கூடாது.

முதல் திரையிலிருந்தே பிரச்சினை ஆரம்பிக்கிறது. கேமை வாங்கி, பல மணி நேரம் டவுன்லோடு ஆகிக் காத்திருந்து, திறந்தவுடன் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த அளவு கடினம் வேண்டும்?" என்பது. அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? எந்த பட்டன் அடிக்கும், எது தடுக்கும் என்றுகூடத் தெரியாது. கீழே ஒரு வரி விளக்கம் இருக்கும், "சவாலை விரும்புபவர்களுக்கு" என்கிற மாதிரி. எதிரியின் உயிர் கூடுமா, எண்ணிக்கை கூடுமா, மருந்து குறையுமா, செத்தால் மறுபடி தொடங்கும் செக்பாயின்ட் தள்ளிப்போகுமா, எதுவும் அதில் இருக்காது. சரி, பெயரையாவது நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. 2005இல் டெவில் மே க்ரை 3 வந்தபோது ஜப்பானில் ஹார்ட் என்று இருந்ததை எடுத்து அமெரிக்கப் பதிப்பில் நார்மல் என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். நார்மல் என்று நம்பித் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் சில பாஸ்களிடமே, அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரிகளிடமே, திணறினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஸ்பெஷல் எடிஷனில்தான் அது சரிசெய்யப்பட்டது. அதற்கும் முன்னால், 1994இல் வந்த கான்ட்ரா ஹார்ட் கோர் ஜப்பானியப் பதிப்பில் ஒரு உயிருக்கு மூன்று அடி வரை தாங்கும், அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி, முடிந்தது. ஒரே கேம், ஊருக்கு ஒரு கஷ்டம். ஆடுபவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஹார்ட் மோடுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பல கேம்களில் ஒரு பெருக்கல் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. ஸ்கைரிம் கேமின் உச்சமான லெஜண்டரி மோடில் நாம் அடிக்கும் அடியில் கால் பங்குதான் எதிரிக்குப் போகும், அவன் அடிப்பது நமக்கு மூன்று மடங்காக வரும். எதிரி புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதே மாதிரிதான் ஓடி வருகிறான், அதே கோணத்தில்தான் கோடரியை வீசுகிறான், அதே இடத்தில்தான் தடுமாறுகிறான். முன்பு நான்கு அடியில் விழுந்தவன் இப்போது பதினாறு அடி வாங்கிய பிறகு விழுகிறான், அவ்வளவுதான். சண்டையின் முதல் அரை நிமிடத்திலேயே அவனை எப்படி ஜெயிப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன், மீதி நேரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன், நடுவில் சலிப்பில் ஒரு தடவை கை தவறினால் செத்துப்போகிறேன். இதில் சோதிக்கப்படுவது என் திறமை கிடையாது, என் பொறுமை.

வேறு வழி இல்லாமலா இருந்தது? 1993இல் வந்த டூம் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த மோடிலும் எதிரியின் உயிர் மாறவே மாறாது. கடினம் ஏற ஏற எத்தனை எதிரிகள், எந்த வகை, எந்த மூலையில் நிற்பார்கள் என்பது மாறும். அதனால் ஒரே அறைக்குள் நுழைந்தாலும் வேறு முடிவு எடுக்க வேண்டியிருக்கும், முதலில் யாரைச் சுடுவது, எந்தத் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவது என்று. அதன் நைட்மேர் மோடில் எதிரிகள் வேகமாகிறார்கள், கொன்றவர்களே திரும்ப எழுந்து வருகிறார்கள், அப்போதும் ஒவ்வொருவனையும் வீழ்த்தத் தேவையான தோட்டா அதேதான். 2005இல் நிஞ்ஜா கெய்டன் பிளாக் இன்னும் ஒரு படி மேலே போனது. மேல் மோடுகளுக்குப் போனால் பழக்கப்பட்ட இடத்தில் வேறு எதிரிகள் நிற்பார்கள், பொருட்கள் இருக்கும் இடமும் மாறியிருக்கும். இரண்டாம் தடவை ஆடும்போது புதுக் கேம் ஆடுகிற மாதிரி இருக்கும். இதற்கு உழைப்பு அதிகம், ஒவ்வொரு அறையையும் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும், பட்ஜெட்டும் நாளும் வேண்டும், அது எங்களுக்கும் புரிகிறது. அப்படிச் செய்ய முடியாவிட்டால் இரண்டு மோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஐந்து மோடு என்று விளம்பரம் செய்யத் தேவையில்லை.

நியாயமான சாவு எப்படி இருக்கும் என்பதற்கு எல்டன் ரிங்கில் வரும் மார்கிட்டைத்தான் சொல்வேன். கேமின் ஆரம்பத்திலேயே கோட்டை வாசலில் நிற்கிற ஆள். அவன் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்குவான், நாம் தப்பிக்க உடனே உருளுவோம், ஆனால் அவன் அடிக்க மாட்டான், தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும், நாம் உருண்டு முடித்து எழுந்திருக்கும் அந்தக் கணத்தில் பொத்தென்று இறக்குவான். முதல் தடவை கோபம் வரும். ஆனால் அடுத்த தடவையும் அவன் அதே நேரம்தான் பிடித்து நிறுத்துகிறான், தோள் அசைந்த பிறகுதான் தடி இறங்குகிறது. தோளைப் பார்த்தால் போதும் என்று புரிந்தவுடன் சண்டையே வேறாகிவிடுகிறது. செகிரோ கேமில் தடுக்க முடியாத அடி வரும்போது திரையில் ஒரு சிவப்பு எழுத்து பளிச்சிடும், கூடவே ஒரு சத்தமும் வரும். காலுக்குக் கீழே வீசினாலும், நேராகக் குத்தினாலும், பிடித்துத் தூக்க வந்தாலும் அதே எழுத்துதான். வீச்சுக்குத் தாவ வேண்டும், குத்துக்கு முன்னால் பாய்ந்து மிதிக்க வேண்டும், பிடிக்கு விலக வேண்டும். எது வருகிறது என்று எதிரியின் உடம்பு சொல்கிறது, எழுத்து "இப்போது கவனி" என்று மட்டும் சொல்கிறது. அதில் செத்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றாது. அவன் ஆயுதத்தை எந்தப் பக்கம் சாய்த்தான் என்று நான் பார்க்கவில்லை, அடுத்த முறை பார்ப்பேன்.

ஆனால் பெரிய மிருகம் ஒன்று என்னைச் சுவரோரம் தள்ளும்போது கேமரா அதன் வயிற்றுக்குள் போய் ரோமத்தையும் இருட்டையும் காட்டுகிறது, அந்த இருட்டுக்குள் நான் செத்துப்போகிறேன் என்றால் அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? திரைக்கு வெளியே நிற்பவன் சத்தமில்லாமல் அம்பு விடுவதும் இதே வகைதான். சத்தம் வைத்திருக்கிறோமே என்பீர்கள், காது கேளாதவர்களும் உங்கள் கேமை வாங்குகிறார்கள், சத்தத்தோடு திரை ஓரத்தில் ஒரு அம்புக்குறியும் வையுங்கள். 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 மாற்றுத்திறனாளிகளும் ஆட உதவும் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது, செய்ய முடியும் என்று நிரூபித்தாயிற்று. பாஸிடம் தோற்ற பிறகு அவனை மறுபடி பார்க்க அதே படிக்கட்டு, அதே பாலம், அதே நாலு அடியாட்கள் என்று ஓட விடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை, தோற்றது பாஸிடம், பாலத்திடம் இல்லை.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் எங்கள் வீட்டு டிவி. திரையில் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடினால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லி நொடி, 30 ஃப்ரேம் என்றால் அது இரட்டிப்பு. ஒரு அசைவைக் கண்ணால் பார்த்து விரல் அழுத்த மனிதருக்குச் சுமார் 200, 250 மில்லி நொடி ஆகும். தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இல்லாத பழைய டிவி தன் பங்குக்கு 100 மில்லி நொடி வரைகூட தாமதப்படுத்தும். உங்கள் ஸ்டுடியோவில் நல்ல மானிட்டரில் உட்கார்ந்து "இந்த அடியைத் தடுக்க இவ்வளவு நேரம் போதும்" என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள், அதே அடி எங்களுக்கு டிவியிலோ, நாலு வருடப் பழைய லேப்டாப்பிலோ கிட்டத்தட்ட தடுக்கவே முடியாத அடியாக வந்து சேர்கிறது. நாங்கள் நார்மல் என்று அழுத்தினோம், ஆடுவதோ ஹார்ட். இதற்காகத் தனி ஈஸி மோட் கேட்கவில்லை, தடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள ஒரு செட்டிங் போதும்.

ரகசியமாக மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 நாம் நன்றாக ஆடினால் கடினத்தை ஏற்றும், தடுமாறினால் இறக்கும், எதையும் திரையில் காட்டாது. அது மிக நல்ல கேம், பலருக்கு அந்த ஏற்ற இறக்கம் உதவியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் பல முறை செத்து, கடைசியில் ஜெயித்தபோது நான் தேறினேனா, கேம் இரக்கப்பட்டதா என்று எனக்கே தெரியாமல் போகிறது, ஜெயித்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. மறு வருடமே வந்த காட் ஹேண்ட் இதையே வெளிப்படையாகச் செய்தது. திரையில் ஒரு மீட்டர், நன்றாக அடித்தால் லெவல் ஏறும், அடி வாங்கினால் இறங்கும், எல்லாம் கண் முன்னால். ஹேடிஸ் கேமில் வரும் காட் மோட் என்ற உதவி செட்டிங்கும் அப்படித்தான். ஆன் செய்தால் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னொரு 2 சதவீதம், அதிகபட்சம் 80. எனக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று எண்ணாகவே தெரிகிறது, வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். உதவியை இப்படித்தான் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும்போது அவமானப்படுத்தாமலும் கொடுங்கள். 1992இல் வுல்ஃபென்ஸ்டீன் 3டி தன் ஈஸி மோடுக்குக் குழந்தைத் தொப்பி போட்ட முகத்தை வைத்தது, 2014இல் வந்த புதுக் கேமிலும் அதே தொப்பி. நான் மேலே புகழ்ந்த நிஞ்ஜா கெய்டன் பிளாக்கிலும், ஆரம்பத்தில் பல முறை செத்தால் நிஞ்ஜா டாக் (நிஞ்ஜா நாய்) என்று ஒரு எளிதான மோடைக் காட்டி, அதை ஏற்றுக்கொண்டால் ரிப்பன் கட்டிவிடும். என் நண்பர் ஒருவருக்கு விபத்துக்குப் பிறகு வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. மலையேறும் செலஸ்ட் கேமில் அசிஸ்ட் மோட் என்ற உதவி செட்டிங்கைத் திறந்து வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கிக்கொண்டார், வேறு எதையும் தொடவில்லை. மலை உச்சி வரை அவரே ஏறினார், விழுந்து விழுந்து ஏறினார். ஒவ்வொரு தாவலிலும் எங்கே தவறினோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் பட்ட கஷ்டம் நான் பட்டதைவிடக் குறைந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

"கடினம்தான் எங்கள் படைப்பின் உயிர், அதில் கை வைக்காதீர்கள்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். 2019இல் செகிரோ வந்தபோது ஈஸி மோட் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடந்தது. எல்லாக் கேமிலும் ஈஸி மோட் இருந்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், செகிரோ எனக்குப் பிடித்ததே அது விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான். ஆனால் கடினத்தில் கை வைத்தால் படைப்பு கெட்டுவிடும் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் காலத்திலேயே இயந்திரத்துக்குள் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருந்தன, கடைக்காரர் திறந்து கடினத்தை மாற்றிக்கொள்வார். ஆக, கடினம் எப்போதும் மாற்றக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது, காசு போடுபவரிடம் அந்த சுவிட்ச் இல்லை என்பதுதான் விஷயம். நீங்களே எத்தனை முறை மாற்றியிருக்கிறீர்கள்! 2024 ஜூனில் எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதி வந்து ஒரு வாரத்துக்குள் ஆடுபவரின் பலத்தைக் கூட்டி ஒரு பேட்ச், அதாவது திருத்தம், வந்தது, செப்டம்பரில் கடைசி பாஸையே திருத்தினார்கள். 2025இல் சில்க்சாங் வந்த சில நாட்களிலேயே ஆரம்பத்து பாஸ்கள் இரண்டின் கடினத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். மெட்ராய்ட் ட்ரெட் 2022 பிப்ரவரியில் எளிதான ரூக்கி மோடைச் சேர்த்தது, லைஸ் ஆஃப் பி 2025இல் கடின நிலைகளைச் சேர்த்தது. எந்தக் கேமும் இதனால் தரம் இறங்கிவிடவில்லை. பழைய கடினத்தில் ஆட நினைத்தவர்களுக்கு ரூக்கி மோட் என்ன தொல்லை கொடுத்தது?

ஆகவே அடுத்த கேமில் இதையெல்லாம் செய்து பாருங்கள். மோட் கேட்கும் திரையை முதல் சண்டைக்குப் பிறகு வையுங்கள், அதற்குள் எங்கள் கையின் நிலவரம் எங்களுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு மோடிலும் என்ன மாறுகிறது என்று எண்ணோடு எழுதுங்கள். நடுவில் மாற்ற விடுங்கள். 2018இல் வந்த காட் ஆஃப் வாரில் உச்ச மோடை எடுத்துவிட்டால் இறங்கவே முடியாது, இறங்க வேண்டுமென்றால் கேமையே முதலிலிருந்து தொடங்க வேண்டும், அப்படி யாரையும் பூட்டி வைக்காதீர்கள். ஷேடோ ஆஃப் தி டூம்ப் ரைடர் செய்த மாதிரி சண்டைக்கு ஒன்று, புதிருக்கு ஒன்று, வழி தேடுவதற்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். சண்டை பிடித்தவருக்குப் புதிர் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தடுக்கும் நேரம், கேமின் வேகம், சத்தத்துக்குப் பதில் குறி ஆகிய மூன்றையும் கடினத்தோடு சேர்க்காமல் தனி செட்டிங்காக வையுங்கள், அவை எல்லா மோடிலும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், அதைத் தொட்டவருக்கு டிராபி கிடையாது என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, தனியாக ஆடும் கேமில் நிறுத்தி வைக்கும் பட்டன் வையுங்கள். செகிரோவில் இருக்கிறது, அதனால் அதன் கடினம் ஒரு துளியும் குறையவில்லை. வீட்டில் குழந்தை அழும், கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடிப்பார், அந்த நேரத்தில் பாஸ் எங்களை அடித்துக் கொன்றால் அதற்கு எந்த மோடையும் காரணம் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் கேம்களைக் காசு கொடுத்து வாங்கி ஆடும் ஒருவன்