ஒரு வாரத்தில் புது மூக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஒரே வாரத்தில் புதிய மூக்கு’ என்று எங்கள் ஊரில் ஒரு விளம்பரத் தட்டி நிற்கிறது. மில்லில் கணக்கெழுதும் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் மூக்கின் நடுச்சுவர் வளைந்து, ஒரு பக்கம் மூச்சே போகாது. போன ஆண்டு அதையும் வெளிக்கோணலையும் ஒரே அறுவை சிகிச்சையில் சேர்த்தே சரிசெய்தார்கள். வலி பெரிதில்லை. வாயால் மூச்சுவிட்டு, தலையணையை உயர்த்தித் தூங்கிய முதல் சில இரவுகள்தான் கொடுமை. மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கின் மேல் போட்ட கட்டு ஒரு வாரத்தில் பிரிக்கப்பட்டது உண்மை. கண்ணைச் சுற்றிய நீலம் மறைய இரண்டு வாரம் ஆனது. 6 வாரம் மூக்கில் கண்ணாடி வைக்கக் கூடாது என்றார்கள். அப்புறம் என்ன, கண்ணாடியை நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு பேரேடு பார்த்தேன்! நுனி வீக்கம் முழுக்க வடிய ஓராண்டு வரை ஆகலாமாம்.

காப்பீட்டில் மூச்சுக்கான பகுதிக்கு மட்டுமே பணம் கிடைத்தது, அழகுக்கானது கைக்காசு. இதை முன்பே யாரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாசகர், விருதுநகர்